திரைக்கு அப்பால் ஓர் ஆலோசகர்

நாளை கணிதத் தேர்வு. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, படித்ததெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும். கைபேசித் திரையில் பேசும் மனநல ஆலோசகரிடம் இதைச் சொன்னால், 'பயப்படாதே' என்பாரா? அதைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்றே!

அவர் கேள்வி கேட்பார். அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் என்ன? 'நான் பெயிலாகிவிடுவேன்' என்பதா? அதைத் தாளில் எழுதுங்கள். நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்றும் குறியுங்கள். இனி அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன? சென்ற நான்கு தேர்வுகளில் எத்தனையில் தவறினீர்கள்? இரண்டில் என்றால் அதையும் மறைக்காமல் எழுதவேண்டும். பேச்சு படிக்கும் முறைக்குத் திரும்பும். ஒன்றிலும் இல்லை என்றால், முதலில் போட்ட எண்ணை மறுபடி பாருங்கள். அது பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் கருதுகோளைச் சோதிப்பது போலத்தான் இது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் வகுத்த முறை.

இதற்கு நாடி பார்க்கவேண்டாம், ஊசி வேண்டாம். ஆகவே தொலைவிலிருந்தும் செய்யமுடிகிறது. ஆனால் மேசைக்கடியில் கால் நடுங்குவது திரையில் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேண்டும். கதவைச் சாத்திப் பேச ஓர் அறை கிடைப்பதுதான் நம் வீடுகளில் பெரும்பாடு!

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திராதீர்கள். அருகிலுள்ள பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவிலும் பேசலாம், கட்டணமில்லை.