பெல் சட்டமும் பிலிப்பைன்ஸும்

கேள்வி: வர்த்தக உடன்படிக்கைகளால் ஒரு சிறிய தேசம் தன் சுயாதீனத்தை இழந்துவிடக்கூடும் என்கிறார்களே, அது மெய்தானா?

பதில்: மெய்தான், பிலிப்பைன்ஸ் தேசத்தின் சரித்திரம் அதற்குப் போதிய சாட்சி. 1946 ஜூலை 4 அன்று அரசியல் சுதந்திரம் பெற்ற அத்தேசம், யுத்தத்தினால் மணிலா நகரமே இடிபாடாய்க் கிடந்த அவ்வேளையில், அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய பெல் வர்த்தகச் சட்டத்தையும் அங்கீகரிக்க நேர்ந்தது. அங்கீகரித்தாலொழிய 500 டாலருக்கு மேற்பட்ட யுத்த நஷ்டஈடு எதுவும் கிடையாது என்று நிபந்தனை விதித்திருந்தார்கள். பசித்தவனிடம் கையெழுத்துக் கேட்பது நியாயமாகாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம். அமெரிக்கச் சரக்குகள் தீர்வையின்றித் தாராளமாய் வந்திறங்க, பிலிப்பைன்ஸின் சர்க்கரை, கயிறு, தேங்காயெண்ணெய் முதலியவற்றுக்கு மட்டும் அளவு வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. ஒரு டாலருக்கு இரண்டு பெஸோ என்ற நாணய விகிதத்தை அமெரிக்க ஜனாதிபதியின் சம்மதமின்றி மாற்றும் அதிகாரமும் அந்நாட்டு அரசாங்கத்துக்கு இல்லாமற் போயிற்று. இவற்றினும் கொடியது, காடுகளையும் கனிமங்களையும் பயன்படுத்தும் உரிமையில் அமெரிக்கரைச் சுதேசிகளுக்குச் சமமாக்கும் பொருட்டு, 1947இல் அரசியலமைப்பையே திருத்தும்படி நேர்ந்தது. இறக்குமதி பெருகி அந்நியச் செலாவணி கரைந்துபோகவே, 1949இல் செலாவணிக் கட்டுப்பாட்டை மேற்கொண்டார்கள். அதற்கும் வாஷிங்டனின் இசைவு வேண்டியிருந்தது.

தொடக்கத்திலிருந்தே பெல் சட்டத்தை எதிர்த்த தேசபக்தர்களைப் பிடிவாதக்காரர் என்று தூற்றியவர்கள் உண்டு. ஆனால் அத்தேசபக்தர்கள் அஞ்சியது வீணன்று. அச்சட்டத்தின் நிபந்தனைகளைத் திருத்திய 1955ஆம் வருஷத்து லாரல்-லாங்லி உடன்படிக்கையால் நாணய அதிகாரம் மீண்டது. அமெரிக்கருக்குரிய சம உரிமையோ 1974 வரையில் நீடித்தது.