கம்ப்யூட்டர் குரூப் கேட்கும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே பேச்சுதான். பயோ மேக்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா? டாக்டர் கனவு இருக்கிற பிள்ளைக்கு நீட் தேர்வு இருக்கிறது, உயிரியலை விட முடியாது. மற்றவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் வருகிறார்கள். தவளைப் படம் வரையப் பயந்து வந்தவர்களும் அதில் உண்டு. 'ஐ.டி. வேலைக்கு இதுதான் வழி' என்று நீ சொல்வதாக உன் அம்மா போனில் சொன்னாள். விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் முன் இதைப் படித்துவிடு.

முதலில் கட்ஆஃப். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. அந்த இருநூறில் கணினி அறிவியலுக்கு இடமே இல்லை. பயோ மேக்ஸ் படித்தவரும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேரலாம், சேர்கிறார்கள். ஆகவே வேலைக்கோ சீட்டுக்கோ இந்தப் பாடம் டிக்கெட் அல்ல. கட்ஆஃபில் வராத பாடம் என்பதால் பல இடங்களில் இதை 'மனப்பாடம் பண்ணி சென்டம் வாங்குற' பாடமாக நடத்திவிடுகிறார்கள். மாமாவைக் கேட்டால், இரண்டு வருடத்தை வீணாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஏனென்றால் புத்தகம் நன்றாகவே இருக்கிறது. 2018இல் மாற்றப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில், சி++ தொடங்கும் முன்பே ஒரு விவசாயி ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார். கூடவே ஓநாய், ஆடு, புல்கட்டு. படகில் அவரோடு ஒன்றுதான் ஏறும். அவர் இல்லாத கரையில் ஓநாய் ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். பாட்டி காலத்துப் புதிர்தான். ஆனால் புத்தகம் அதை வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறது. நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் இடக்கரை அல்லது வலக்கரை. மொத்தம் 16 நிலைகள். அவற்றில் யாராவது யாரையாவது தின்றுவிடக்கூடிய நிலைகள் 6. அவற்றை அடித்துவிட்டால் மிச்சம் 10. அந்தப் பத்துக்குள் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போனால் 7 பயணத்தில் எல்லோரும் அக்கரை. பேப்பரில் நீயே எழுதிப் பார். கீபோர்டைத் தொடாமலே புரோகிராமிங் தொடங்கிவிட்டது தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் வரும். ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை அப்படியே அடித்து, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் லேபில் வழக்கம். நீ ஒரு நிமிடம் கூடுதலாக உட்கார். தன்னைத் தானே அழைக்கும் ஃபேக்டோரியல் நிரலுக்கு 5 கொடுத்தால் 120 வரும். மைனஸ் 1 கொடுத்துப் பார். பூஜ்யத்தில் நிற்கச் சொல்லி எழுதியிருந்தால் அது பூஜ்யத்தைப் பார்க்கவே பார்க்காது. கீழே கீழே போய், ஏறக்குறைய ஆயிரம் அழைப்பு ஆனதும் பைத்தானே கையை உதறிவிடும். ஏன் என்று ஆசிரியரிடம் கேள். இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பாய். அது எழுதியதில் மைனஸ் 1 போட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

இனி யாரும் உனக்குச் சொல்லாத விஷயம், பொறியியல் வரைபடம். சி.பி.எஸ்.இ.யில் மேல்நிலை வகுப்புக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் தனி விருப்பப் பாடமாகவே இருக்கிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தின் அறிவியல் குரூப்புகளில் அது இல்லை. விளைவு, பொறியியல் முதலாண்டில் மினி டிராஃப்டரை முதல்முறையாகக் கையில் பிடித்து, பிளான் எது எலிவேஷன் எது என்று விழித்து, அந்தப் பேப்பரில் அரியர் வைக்கும் பிள்ளைகள். கணக்கில் புலிகளும் அதில் உண்டு.

இந்த வரைபடத்துக்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் என்று ஓர் இளைஞர், 18ஆம் நூற்றாண்டில். மெசியேர் ராணுவப் பள்ளியில் கோட்டைச் சுவரின் உயரத்தைக் கணிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். நீண்ட கூட்டல் பெருக்கல் கேட்கும் வேலை. அவர் படம் வரைந்தே சீக்கிரம் முடித்துவிட, மேலதிகாரி நம்பாமல் சரிபார்க்கவே மறுத்தாராம். உண்மை தெரிந்ததும் அந்த முறையை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். 1795இல்தான் மோன்ஜ் அதைப் பாரிசில் வெளிப்படையாகக் கற்பித்தார். கன உருவத்தை இரண்டு தளங்களில் இறக்கி வரையும் அந்த முறையின் வாரிசுதான் உன் முதலாண்டு டிராயிங் ஷீட். 1963இல் எம்.ஐ.டி. மாணவர் இவான் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை எழுதினார். திரையில் ஒளிப்பேனாவால் கோணலாகக் கோடு இழுத்துவிட்டு, 'இவை இணைகோடுகள்' என்று சொன்னால் இயந்திரமே நேராக்கிவிடும். ஆட்டோகேட் வர இன்னும் 19 வருடம் இருந்தது. வடிவியல் தெரிந்த புரோகிராமர் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மாமாவுக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இது.

லீவில் ஒரு தீப்பெட்டியை எடுத்து முன்பார்வை, மேற்பார்வை, பக்கப்பார்வை மூன்றையும் அளவெடுத்து வரை. நம் நாட்டு வழக்கப்படி மேற்பார்வை முன்பார்வைக்குக் கீழே வர வேண்டும். அடுத்து முக்காலி. பிறகு படிக்கட்டு.

படம் வரைவதுதான் பிடிக்கிறது என்று தெரிந்தால் பிளஸ் ஒன்னே வேண்டாம் என்றும் யோசிக்கலாம். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு உண்டு, பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ உண்டு. உன் அப்பா முகம் சுளிப்பார், மாமா பேசிக்கொள்கிறேன். இணையதளம் செய்வதுதான் ஆசை என்றால், வணிகவியலோடு வரும் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. எல்லாம் இருக்கின்றன.

அட்மிஷனுக்குப் போகும்போது லேபைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவைக் கேட்கச் சொல். எத்தனை மெஷின் ஓடுகிறது, வாரத்துக்கு எத்தனை பீரியட் அங்கே விடுவார்கள், ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, இந்த மூன்று போதும். லேப் பூட்டிக் கிடந்தால் போன் பண்ணு. மாமாவின் பழைய லேப்டாப் சும்மாதான் கிடக்கிறது, பைத்தான் போட்டு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா