கழுவப் போன ரோல்

லேபிலிருந்து வந்த நெகட்டிவில் ஒரு படம்கூட இல்லையென்றால், சண்டைக்குக் கிளம்பும் முன் அதன் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் பிரேம் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. டெவலப்பரில் இறங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஓர எழுத்து பளிச்சென்று இருந்து நடுவில் மட்டும் வெறுமை என்றால் லேப்மேல் பழியில்லை. கேமராவில் ரோல் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் சேர்ந்து காணாமல் போயிருந்தால், கோளாறு ரசாயனத் தொட்டியில். ஓரம்வரை கறுத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது; யார் கையில் இருந்தபோது என்பதுதான் வழக்கு.

இந்தச் சின்ன விஷயம் எனக்கு ஒருமுறை கைகொடுத்தது. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் விடிய விடிய நடந்த கூத்தை இல்ஃபோர்டு எச்பி5 ரோல்களில் எடுத்திருந்தேன், அரிதாரம் பூசுவதில் தொடங்கி மறுநாள் காலை துரியோதனன் படுகளம் வரை. பாதி ரோல்களைச் சென்னையில் ஒரு லேபில் கழுவக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி திரும்பி வந்தன.

“லோடு பண்ணதுல ஏதோ தப்பு சார், உள்ள ஒண்ணுமே விழல” என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. ஓர எழுத்தும் இல்லையே என்று காட்டியதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கறுப்பு வெள்ளை ரோலைக் கலர் மெஷினில் விட்டிருக்கிறார்கள். சி-41 என்னும் அந்தக் கலர் முறையில் கடைசியில் படத்தைத் தாங்கி நிற்பது சாயம்தான். வேலை முடிந்த வெள்ளியை பிளீச்சும் ஃபிக்சரும் எடுத்துவிடும். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமிலோ வெள்ளியைத் தவிர வேறெதுவும் கிடையாது. முதல் தொட்டியில் உருவான படம் அடுத்தடுத்த தொட்டிகளில் கரைந்து போயிருக்கிறது. கலர் ரசாயனத்துக்கென்றே செய்த எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமும் கடையில் உண்டு என்பதால், இந்தக் குழப்பம் எந்த லேபிலும் நடக்கலாம். ஈடாகப் புது ரோல்கள் தந்தார்கள். கலர் ரோல்கள்!

அதற்கு மேல் அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. பல நாடுகளில் லேப்கள் காலங்காலமாக அச்சிட்டு வரும் வாசகம்தான். நீதிமன்றங்கள் இதை ஒரே மாதிரி பார்த்ததில்லை. 1979இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு குடும்பத்தின் வீட்டுச் சினிமாச் சுருள்கள் தொலைந்த வழக்கில், அந்த வாசகத்தைத் தள்ளிவிட்டு 7,500 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. 1981இல் இங்கிலாந்தில் ஒரு கல்யாணத்தின் படங்கள் போனதற்கு 75 பவுண்டு கிடைத்தது. 1982இல் இந்தியானா உச்ச நீதிமன்றமோ, ஐரோப்பியப் பயணத்தில் எடுத்த 4 ரோல்களுக்கு ஃபிலிம் விலையான 13.60 டாலரோடு நிறுத்திக்கொண்டது. வழக்குப் போட்டவரே வக்கீல், இந்த வாசகம் அவருக்குப் புதிதல்ல என்றது.

நம் ஊரில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நான் போகவில்லை; சில நூறு ரூபாய் பில்லுக்காக வாய்தாவுக்கு அலைய எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் கல்யாண வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கெட்ட நெகட்டிவையும் ரசீதையும் லேப் தவறை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரப்படுத்துவது நல்லது.

எனக்குக் கூத்து முழுதாகப் போகவில்லை. ரோல் தீர்ந்ததுமே எண் போட்டுவிடுவேன். ஒற்றைப்படை எண்கள் முதலில் போகும். அவை நல்லபடியாகத் திரும்பிய பிறகே இரட்டைப்படை. முதல் பாதி, பின்பாதி என்று பிரித்திருந்தால் படுகளமே கையைவிட்டுப் போயிருக்கும். இப்படிப் பிரித்ததில் எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் மிஞ்சியது. புது லேப் என்றால், போனால் போகட்டும் என்று எடுத்த ரோல் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறேன். கூட்டமுள்ள லேப்பே மேல். கலர் டெவலப்பருக்கு 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி என்று கறாரான கணக்கு உண்டு. ரோல் வரத்து குறைந்த இடத்தில் ரசாயனம் தொட்டியிலேயே பழசாகிவிடும், சூடு சரியாக இருந்தும் பயனிருக்காது.

கெட்டுவந்த நெகட்டிவை உடனே தூக்கிப்போட வேண்டாம். கலர் நெகட்டிவ் அடர்ந்து, கலங்கி, நிறம் செத்து வந்தால் பிளீச் போதாமல் வெள்ளி தங்கியிருக்கலாம். மறுபடி பிளீச்சிலும் ஃபிக்சரிலும் போட்டால், மாதங்கள் கழித்தும் படம் மீளும். அரைகுறையாக டெவலப் ஆனதற்கு அந்த வழி இல்லை.

அந்த லேபை நான் விட்டுவிடவில்லை. கலர் ரோல்கள் இன்றும் அங்கேதான் போகின்றன. கறுப்பு வெள்ளையை மட்டும் வீட்டில் கழுவுகிறேன். டி-76 டெவலப்பரை 20 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை மாதத்துச் சென்னைக் குழாயில் 30க்குக் கீழே தண்ணீர் வராது. அதனால் கழுவும் நாளில் ஃபிரிட்ஜின் ஐஸ் தட்டு முழுவதும் எனக்குத்தான் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறேன்.