செய்தியில் ‘கலந்துரையாடல்’: எழுதும் இடமும் விடும் இடமும்

‘கலந்துரையாடல்’ என்பது பலர் ஒன்றுகூடி, ஒருவர் கூற்றை மற்றவர் கேட்டும் மறுத்தும் ஒரு பொருளை ஆராய்வதைக் குறிக்கும் சொல்லாகும். இலங்கைத் தமிழ்ச் செய்தி நடையில் அது மாவட்டச் செயலகத்தில் நிகழும் ஏறத்தாழ எல்லா ஒன்றுகூடல்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டமையால், ‘கலந்துரையாடல் இடம்பெற்றது’ என்ற வரியைப் படித்து முடித்த பின்னரும் அங்கே என்ன நடந்தது என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் கிளிநொச்சிக் கமக்காரருக்கு இது சிறு குறையன்று.

செய்தியாளர் முதலில் பார்க்க வேண்டியது, கூடியவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதே. போகத் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம், 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்தது. நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், கால்நடைகளைக் கட்டவேண்டிய காலம் முதலியவை அங்கே தீர்மானிக்கப்பட்டு, வராதவரையும் கட்டுப்படுத்துகின்றன. அதைக் ‘கலந்துரையாடல்’ என்றெழுதினால் தீர்மானம் வெறும் அபிப்பிராயமாகத் தோன்றிவிடும். ஆகவே ‘கூட்டம்’ என்றும் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்றுமே எழுதுதல் வேண்டும்.

அடுத்து, யார் பேசினர், யார் கேட்டனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்துக்குக் கமக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தமை அறியப்பட்டதே. இத்தகைய விடயத்தில் அதிகாரிகள் திட்டத்தை எடுத்துரைக்க, மக்கள் கேட்டுவிட்டுக் கலைந்திருந்தால் அது விளக்கக் கூட்டம். மக்களும் தம் மறுப்பைச் சொல்லி அதற்கு மறுமொழி பெற்றிருந்தால் மட்டுமே கலந்துரையாடல். ஒருதலையான பேச்சுக்கு இப்பெயரைச் சூட்டுவது, கேட்கப்படாத மக்களைக் கேட்கப்பட்டவர்களாகக் காட்டும் பெரும்பிழையாகும்.

மூன்றாவதாக, பிணக்குடைய இரு தரப்புகள் உடன்பாடு நாடிப் பேசினால் உரிய சொல் ‘பேச்சுவார்த்தை’. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதைத் தொடர்ந்து, அரசும் விடுதலைப் புலிகளும் அவ்வாண்டு செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தகீப்பில் நோர்வேயின் அனுசரணையுடன் நடத்தியது பேச்சுவார்த்தை. நோர்வேத் தூதுக்குழு கிளிநொச்சிக்கு வந்து புலிகளின் தலைமையைக் கண்டது சந்திப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியிருந்தால், அனுசரணையாளர் தரப்பினராக மாறியிருப்பார்.

‘உரையாடல்’ என்ற தனிச்சொல் இருவர் பேச்சுக்கு, குறிப்பாகத் தொலைபேசிப் பேச்சுக்கு, நன்கு பொருந்தும். ‘கலந்தாய்வு’ தமிழகத்தில் கல்லூரிச் சேர்க்கை நடைமுறையையும் குறிப்பதால் அங்குள்ள வாசகரை மனங்கொண்டே ஆளத்தக்கது.

சொல் தெரிவானதும் வாக்கியத்தின் எழுவாயைக் கவனிக்கலாம். ‘சிறுபோகம் தொடர்பில் கலந்துரையாடப்பட்டது’ என்பதில் செய்தவர் மறைகிறார்; ‘அரசாங்க அதிபரும் கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகளும் சிறுபோக நீர்ப்பங்கீடு பற்றிக் கலந்துரையாடினர்’ என்பதில் பொறுப்புடையோர் தெரிகின்றனர். முடிவு எட்டப்படாவிடின் அதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். எட்டப்பட்டிருந்தால், வாய்க்காற்கரையில் நிற்கும் கமக்காரர் செய்தியில் முதலில் தேடுவது நீர் திறக்கும் நாளையே. அது முதல் வாக்கியத்தில் இருக்கட்டும்.