மரியாயின் சேனை: பெயரும் பொருளும்



வாரந்தோறும் கூடிச் செபமாலை சொல்லி, இருவர் இருவராக வீடுகளைச் சந்திக்கும் மரியாயின் சேனையாரை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அப்பெயரின் பொருள் யாது? வன்னியில் காடு வெட்டிப் பயிரிடும் நிலத்தையும் சேனை என்போம். இங்கு அது படையையே குறிக்கும். 2009ஆம் ஆண்டுப் போரில் உறவுகளை இழந்த புதுக்குடியிருப்பில், "இரக்கமுள்ள மாதாவுக்குப் படை எதற்கு, சுவாமி?" என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வியே. விடை அப்பெயரின் வரலாற்றில் உண்டு.

1921 செப்டெம்பர் 7ஆந் திகதி, மாதா பிறந்த திருநாளுக்கு முந்திய மாலை, அயர்லாந்தின் டப்ளின் நகரில் சில பெண்கள் செபத்திற்காகக் கூடினர். ஒரு குருவானவரும், பிராங்க் டஃப் என்னும் அரசாங்க உத்தியோகத்தரும் உடனிருந்தனர். ஏழை நோயாளரை ஆசுபத்திரியில் சந்திப்பதே அவர்களின் முதற்பணி. தொடக்கத்தில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'இரக்கத்தின் மாதா சங்கம்'. 1925ஆம் ஆண்டிலேதான் 'லெஜியோ மரியே', அதாவது மரியாயின் சேனை, என்ற பெயர் வந்தது.

டப்ளின் போரை அறியாத நகரமன்று. 1916இல் அதன் நடுப்பகுதி எரிந்தது. 1922, 1923ஆம் ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் சகோதரரையே பகைவராக்கியது. அதன் காயம் ஆறுமுன்னரே இப்பெயர் சூட்டப்பட்டது.

'லெஜியோ' என்பது ஏறக்குறைய 5,000 வீரர் கொண்ட உரோமைப் படைப்பிரிவு. தெரிந்தெடுத்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. சேனையின் சிறு குழுவுக்கு வழங்கும் 'பிரசீடியம்' என்ற பெயரும் உரோமைக் காவற்படையைக் குறித்ததே. ஒழுங்கு, கீழ்ப்படிதல், இட்ட இடத்தை விட்டகலாத உறுதி ஆகியவற்றை அப்படையிடம் கற்றனர். வாளை அங்கேயே விட்டுவிட்டனர். பணமோ பொருளோ வழங்குவதும் சேனையின் பணியன்று. நேரத்தையும், கேட்கும் செவியையும், செபத்தையுமே கொடுக்கிறார்கள்.

ஆகவே, சேனையார் உங்கள் படலையைத் திறந்து வந்தால், உள்ளே அழைத்து இருத்துங்கள். இந்தச் சேனைக்கு அஞ்சி எவரும் மூட்டை கட்டி ஓட வேண்டியதில்லை. சேனையாரே, உங்களுக்கும் ஒரு சொல்: வாராந்த அறிக்கைக்காக மட்டும் வீடுகளை எண்ணாதீர்கள். கண்ணீர் காயாத ஒரு வீட்டில் சற்றுநேரம் பொறுமையாக இருந்து கேளுங்கள். அப்போதுதான் இப்பெயர் நம் மண்ணில் மெய்யாகும்.