ரென்மார்க் குடியானவர்களின் பாசன டிரஸ்டு

தென் ஆஸ்திரேலியாவில் மர்ரே நதிக்கரையிலுள்ள சிற்றூர் ரென்மார்க். அங்கத்தினர்கள் அதன் சரித்திரத்தை அறிதல் நலம். மழை குறைந்த அந்நிலத்தில் 1887-ல் கனடா தேசத்தவரான சேஃபி சகோதரர் யந்திரங்களால் நதிநீர் இறைத்துப் பழத்தோட்டக் குடியேற்றம் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவர்களுடைய கம்பெனி நொடித்தது. நீர் நின்றால் திராட்சைக் கொடி என்னாவது? 1893-ல் குடியானவர்கள் சட்டப்படி பாசன டிரஸ்டு அமைத்துத் தாமே நீர்வரி விதித்துக்கொண்டு இறைப்பை நடத்தலாயினர்.

கள்ளத்தனமாய் மது விற்பது ஊரைக் கெடுத்தமையால், 1897-ல் ஊர்ப் பொதுவில் ஒரு மதுவிடுதி ஏற்பட்டது. மதுவிலக்கை விரும்புவோர்க்கு இது உவப்பன்று. எனினும் அதன் லாபம் தனியார் பைக்குச் செல்லாமல் ஊர்ப் பணிகளுக்குச் சென்றது.

1956-ல் மர்ரே பெருக்கெடுத்தபோது ஊரார் ஒன்றுகூடி மண்கரை உயர்த்தினர்.