நல்லதையும் விடச் சொல்லும் விசுவாசம்

விசுவாசம் என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், நாம் அனைவரும் விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். பற்று என்றால் என்ன என்று கேட்டாலும் பதில் உடனே வந்துவிடும். நகை, பணம், புதுத்துணி, சினிமா! தவக்காலம் வந்தால் ‘நான் இனிப்பை விட்டேன், நீ எதை விட்டாய்?’ என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். இவை நல்ல பயிற்சிகளே. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இனிப்போடு காரியம் முடிந்துவிடுகிறதா?

மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் ஒருவர் ஓடி வந்து முழந்தாளிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர். சிறு வயது முதற்கொண்டு கட்டளைகளையெல்லாம் கடைப்பிடித்தவர். இயேசு அவரை அன்போடு நோக்கினார் என்றும் மாற்கு எழுதியிருக்கிறார். ஆனால் உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி சொன்னவுடன், முகம் வாடி வந்த வழியே போய்விட்டார். பாவத்தை விடும்படி இயேசு அவரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். கேட்டதோ நியாயமாக அவருக்கு உரிய சொத்தை! தீயதை விடச் சொன்னால் நமக்கே அது சரி என்று தெரியும். நல்லதை விடச் சொன்னால்தான் ‘ஏன்?’ என்ற கேள்வி எழுகிறது.

அவர் திரும்பிப்போன இடத்தைத் தாண்டிச் சென்றவர்களுள் நமக்கு மிகவும் பழக்கமானவர் கல்கத்தா அன்னை தெரேசா. ‘அவரைப் பற்றிய கட்டுரை இல்லாத பள்ளி மலர் உண்டா?’ என்று தோழியர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. 1979-ல் நோபல் பரிசு பெற்றதும், தொழுநோயாளரைப் பேணியதும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவையே. ஆகையால் அவர் செய்தவற்றைவிட, விட்டவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அவர் 1910 ஆகஸ்டு 26-ல் ஸ்கோப்ஜே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆக்னெஸ். எட்டு வயதில் தந்தையை இழந்தார். தாயார் தையல் தொழில் செய்து மூன்று மக்களையும் வளர்த்தார். 1928-ல், 18 வயதில், லொரேட்டோ சபையில் சேர்வதற்காக ஆக்னெஸ் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயின் முகத்தை அவர் பார்த்தது அதுவே கடைசி. பிற்காலத்தில் தாயும் தமக்கையும் கம்யூனிச ஆட்சி நடந்த அல்பேனியாவில் இருந்தார்கள். அந்நாட்டு எல்லையை அவர்களாலும் கடக்க முடியவில்லை. மகளாலும் உள்ளே போக முடியவில்லை. தாயார் 1972-ல் இறந்தார். ஏறத்தாழ 44 ஆண்டுகள்! விடுதியிலிருந்து ஒரு மாதம் வீட்டுக்குப் போகாவிட்டால் நாம் என்ன பாடு படுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் வீட்டைப் பிரிந்ததைவிடத் தமக்குக் கடினமாயிருந்தது வேறொரு பிரிவு என்று அன்னையே கூறியிருக்கிறார். அது லொரேட்டோ மடத்தை விட்டுப் போனது.

1929 சனவரியில் கல்கத்தா வந்த அவர், 1931-ல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். என்டாலிப் பகுதியிலிருந்த புனித மரியாள் பள்ளியில் புவியியலும் வரலாறும் கற்பித்தார். 1944-ல் தலைமையாசிரியை ஆனார். பிள்ளைகள் அவரிடம் ஒட்டுதலாக இருந்தார்கள். அவருக்கும் கற்பிப்பது மிகவும் பிடித்திருந்தது. இதற்கிடையில் 1942-ல், கடவுள் கேட்கும் எதையும் மறுப்பதில்லை என்று அவர் தமக்குள் தனி வார்த்தைப்பாடு ஒன்று செய்துகொண்டார். எதைக் கேட்பார் என்று அப்போது அவருக்குத் தெரியாது. விலை தெரியாமலே வாக்குக் கொடுத்துவிட்டார் எனலாம்.

1946 செப்டம்பர் 10-ல், ஆண்டுத் தியானத்துக்காக டார்ஜிலிங் நோக்கி ரயிலில் போகும்போது, மடத்தை விட்டு வெளியே சென்று ஏழைகளிலும் ஏழைகளோடு வாழவேண்டும் என்ற அழைப்பை உள்ளத்தில் உணர்ந்தார். மடம் தீய இடமா? இந்த மலரை வாசிக்கும் எங்கள் கன்னியர் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்! செபம், ஒழுங்கு, படிப்பு, அன்பான சகோதரிகள் என எல்லாமே நல்லவை, கடவுளுக்கென்றே ஏற்பட்டவை. அவற்றைத்தான் விடவேண்டியிருந்தது. அதுவும் நினைத்தவுடன் ஓடிவிடவில்லை. மேலதிகாரிகளின் அனுமதிக்காகப் பொறுத்திருந்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் இசைவு கிடைத்த பின், 1948 ஆகஸ்டு 17-ல் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி வெளியே வந்தார்.

பாட்னாவில் சில மாதம் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பி, அந்த ஆண்டு டிசம்பரில் மோத்திஜீல் சேரியில் பள்ளி தொடங்கினார். கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை. தலைமையாசிரியையாய் இருந்தவர் குச்சியால் மண்ணில் எழுத்துகளைக் கீறிக் காட்டினார். தங்குவதற்கு வீடு தேடி அலைந்த ஒரு நாளில் கையும் காலும் ஓய்ந்துபோக, லொரேட்டோவின் வசதிகள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்து இழுத்தன என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திரும்பிப் போக வழியும் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. இந்தப் பகுதியைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. பற்றை ஒரே நாளில் வெட்டி எறிந்துவிட முடியாது போலும். ஆகஸ்டு 17-ல் விட்டதை அவர் அதன்பின் ஒவ்வொரு நாளும் மறுபடியும் விடவேண்டியிருந்தது.

திருக்குறளில் ‘துறவு’ அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அதன் கடைசிக் குறள் நினைவிருக்கும். பற்றை விடவேண்டுமானால் பற்றில்லாதவனாகிய இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. வெறுங்கையோடு நிற்பதன்று துறவு. வேறொன்றைப் பிடிப்பதற்காகக் கையைக் காலி செய்வது. 1949 மார்ச்சில் முதலாவதாக அன்னையோடு வந்து சேர்ந்தவர் அவருடைய பழைய மாணவி ஒருவரே. 1950 அக்டோபர் 7-ல் சபை முறையாக நிறுவப்பட்டது. 1964-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தம் காரை அன்னைக்கு அன்பளிப்பாக அளித்தபோது, அதில் ஒருமுறையும் ஏறிப் பார்க்காமல் அதைப் பரிசுச்சீட்டுக்கு விட்டுத் தொழுநோயாளர் குடியிருப்புக்குப் பணம் திரட்டினார். கார், விருந்து ஆகியவற்றையெல்லாம் விடுவது அதற்குள் அவருக்கு எளிதாகிவிட்டிருக்க வேண்டும்.

எளிதாகாதது ஒன்று இருந்தது. அது உலகுக்கு 2007-ல்தான் நன்றாகத் தெரியவந்தது. அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் அந்த ஆண்டு நூலாக வெளிவந்தன. சேரிப் பணி தொடங்கிய சிறிது காலத்திலேயே, கடவுள் தம்மோடு இருக்கிறார் என்ற உணர்வே அவரை விட்டுப் போயிற்று. செபித்தால் உள்ளே வெறுமை. கடவுள் தம்மை விரும்பவில்லையோ என்ற வேதனை. 1958-ல் சில வாரங்கள் மட்டும் அந்த இருள் விலகியது. பின்பு திரும்ப வந்து ஏறக்குறைய இறுதிவரை நீடித்தது. 1997 செப்டம்பர் 5-ல் அவர் இறந்தார். கணக்கிட்டால் அரை நூற்றாண்டு!

இதைக் கேட்டு ‘அப்படியானால் அவருக்கு விசுவாசமே இல்லை’ என்று எழுதியவர்களும் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. நம்மில் பலரும் இரகசியமாகக் கவலைப்படும் விஷயம் இது. செபமாலை சொல்லும்போது மனத்தில் ஒன்றுமே தோன்றவில்லையே, நற்கருணை வாங்கியும் உள்ளம் உருகவில்லையே, நம் விசுவாசம் பொய்தானோ என்று. தியான நாட்களில் கண்ணீர் வந்தால் பக்தி என்றும், வராவிட்டால் பக்தி இல்லை என்றும் நினைக்கிறோம். அந்த இனிய உணர்வும் ஒரு பற்றாகிவிடலாம் என்று நான் எண்ணியதே இல்லை. அன்னையிடம் கடைசியாகக் கேட்கப்பட்டது அதுவே. 1960-களின் தொடக்கத்தில் ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குரு, அந்த இருள் அவருடைய குற்றத்தால் வந்ததன்று என்று விளக்கிய பிறகு, அதை இயேசுவின் வேதனையில் தமக்குக் கிடைத்த பங்காக ஏற்றுக்கொண்டார். இருள் நீங்கிவிடவில்லை. ஆனால் 1942-ல் கொடுத்த வாக்கு நின்றது. ஒன்றும் உணராமலே காலையில் எழுந்து சிற்றாலயத்துக்குப் போனார். அங்கிருந்து நோயாளியிடம் போனார்.

அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவர் பலமுறை வேண்டியிருந்தார். குருக்கள் அழிக்கவில்லை. அவர் இறந்தபின், புனிதர் பட்டத்துக்காக ஆவணங்களைத் திரட்டியபோது அவை ஒன்றுசேர்க்கப்பட்டன. பல்லாண்டுகள் அவரோடு ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்த சகோதரிகளுக்கும் அதற்குப் பிறகுதான் அது தெரியவந்தது.